கோடை விடுமுறைக் கணக்கு

கும்பகோணம் பள்ளித் தீவிபத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. அப்போது நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஒரு கிராமப் பள்ளியின் கொட்டகையைப் பிரித்தார்கள். பிள்ளைகள் புளியமரத்தடிக்குப் போனார்கள்.

அடுத்த கோடை விடுமுறைக்குள் புதுக் கட்டடம் என்பது திட்டம். அந்தக் கோப்பு என் மேசையில் பத்து நாள் கிடந்தது. மே மாதத்தில் எங்கள் பக்கம் கிணறுகள் வறண்டுவிடும். சுவருக்குத் தண்ணீர் விடவே டேங்கர் வர வேண்டும். தளம் போடும்போது மே 24. ஜூனில் பள்ளி திறந்தபோது சென்ட்ரிங் அப்படியே நின்றது.

"இப்பவே பிரிச்சிடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

"வேணாம், 21 நாள் ஆகட்டும். பிள்ளைங்க மரத்தடியிலேயே இருக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

அதன் பின் ஓய்வு பெறும்வரை, பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஜனவரியிலேயே கோப்பை நகர்த்திவிடுவேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கோடையில் வேலை நடந்தால், தளம் போட்ட தேதியைக் கேட்டு வையுங்கள்.