இறக்கத்தில் வரும் புகை

எஞ்சின் வேலை முடிந்து வந்த பழைய புல்லட் மறுபடியும் நீலப்புகை தள்ளினால், பக்கத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்துவிடும். பிஸ்டன் டூப்ளிகேட் என்பார் ஒருவர். லேத்துக்காரர் போரை, அதாவது சிலிண்டர் துவாரத்தை, சரியாக அடிக்கவில்லை என்பார் இன்னொருவர். ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருப்பான் என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும். எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் ஓட்டுகிறவனிடம் "எப்போது புகைகிறது?" என்று கேட்கிற ஆள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டீசல் எஞ்சின்களோடு என் வேலைக்காலம் போயிற்று. ஓட்டுநர்கள் எழுதும் புகார்களில் 'இந்த பாகம் போய்விட்டது' என்றிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 'பாரம் இழுக்கும்போது', 'நின்று கிளம்பும்போது' என்று எழுதியிருந்தால் இரண்டு தடவை படிப்பேன். பாகத்தின் பெயர் அவருடைய ஊகம். வேளை அவர் கண்ணால் கண்டது.

போன வருஷம் அண்ணன் மகன் போனில் கூப்பிட்டான். அவன் அப்பா ஓட்டிய, எழுபதுகளில் வந்த புல்லட்டை ஆசைப்பட்டுப் பிரித்துக் கட்டியிருந்தான்.

"சித்தப்பா, புது பிஸ்டன், புது ரிங்கு, போர் அடிச்சாச்சு. அப்பவும் புகை தள்ளுது. ஆயில் வேற குடிக்குது. எஞ்சினை மறுபடி இறக்கச் சொல்லிட்டேன்."

"ஒரு போல்ட்டையும் தொடாதே. முதல்ல வண்டியை எங்கிட்ட ஓட்டிக்கிட்டு வா."

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்து அனுப்பிய வண்டிகளின் பரம்பரை அது. ஒற்றைச் சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய பையன்களுக்கு அதை ஓட்டிப் பழகுவதே ஒரு தனிப் படிப்பு.

வந்தவனிடம், ஆயில் அளவை எப்போது பார்க்கிறாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைத் துடைக்கும்போது என்றான். பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. ஒரு பம்ப் தொட்டியிலிருந்து ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும். இன்னொன்று கீழே வடிந்ததை இறைத்துத் திரும்பத் தொட்டியில் சேர்க்கும். வண்டி நாட்கணக்கில் நின்றால் தொட்டியிலிருக்கும் ஆயில் பம்ப் இடுக்கு வழியாகக் கசிந்து கிராங்க் சுற்றுகிற அறைக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் குறைந்துதான் தெரியும். இவன் அதைப் பார்த்து மேலே ஊற்றுவான். ஸ்டார்ட் செய்ததும் கீழே நின்ற ஆயில் தொட்டிக்குத் திரும்பும், நிரம்பி வழியும், மிச்சம் பிரீதர் குழாய் வழியாக வெளியே போகும். காலையில் கிளம்பும்போது குபீரென்று வரும் புகையின் பெரும்பங்கும் இதனால்தான். ஓட்டிவிட்டு வந்து, நிறுத்திச் சற்று நேரத்தில் அளவைப் பார்க்கச் சொன்னேன். வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு. பணம் கரைகிறது என்று ஒருவர் மேல் சந்தேகம் விழுந்திருக்கும். கடைசியில் பார்த்தால் அது வேறொரு கணக்கில் பத்திரமாகக் கிடக்கும்.

காலைப் புகை அடங்கியது. ஆனால் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நீலம்தான், கறுப்பாக இருந்தால் கார்ப்பரேட்டரைப் பார்க்கலாம், குளிரில் வரும் வெள்ளை ஆவியானால் ஒன்றும் பார்க்க வேண்டாம். கொல்லிமலைக்குப் போவோம் என்றேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அவன் முன்னால் புல்லட்டில், நான் பின்னால் காரில். மலை கிடைக்காதவர்களுக்கு ஊரிலுள்ள மேம்பாலமே போதும். எனக்குத்தான் மலை பார்க்கிற ஆசை.

ஏறும்போது சைலன்ஸர் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கியரில் திணறி ஏறுகிற இடத்தில்கூடப் புகை இல்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினான். வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கொத்து நீலப்புகை. கார் கண்ணாடியை ஏற்ற வேண்டியதாயிற்று.

ரிங்கோ போரோ கெட்டிருந்தால் எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் அதிகம் புகையும். ஏற்றம் அந்தப் பரீட்சை. ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது நிலைமை தலைகீழ். பிஸ்டன் கீழே இழுக்கிறது, காற்று வர வழியில்லை, உள்ளே உறிஞ்சல் கூடுகிறது. இன்டேக் வால்வின் தண்டு ஓடுகிற கைடு தேய்ந்திருந்தால், மேலே ராக்கரில் தெறிக்கிற ஆயிலை அந்த உறிஞ்சல் கைடு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி திறந்ததும் சேர்ந்தது எல்லாம் எரியும். ஊருக்கு வந்து கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தோம். நல்ல அழுத்தம். பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி மிதித்தோம். முள் சொல்லும்படி ஏறவில்லை. ரிங்கு தளர்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து அழுத்தத்தை நன்றாகவே கூட்டியிருக்கும்.

"ஹெட்ல வால்வ் கைடு மாத்தினியா?"

"இல்ல சித்தப்பா. பழசே நல்லாத்தான் இருக்கு, காசு மிச்சம்னு சொன்னாங்க."

"போர் அடிக்கிறதுக்கு முன்னாடி இறக்கத்துல இவ்வளவு புகைஞ்சுதா?"

யோசித்துவிட்டு, இல்லை என்றான். அதுதான் அவனைக் குழப்பியிருக்கிறது. பழைய ரிங்குகள் தேய்ந்து கிடந்தவரை உறிஞ்சலும் சோகையாக இருந்தது. தேய்ந்த கைடும் அதோடு ஒத்துப்போனது. புது ரிங்கு இறுகிப் பிடித்ததும் உறிஞ்சலுக்குப் பலம் வந்தது. அத்தனை வருஷம் மறைந்திருந்த கைடின் தளர்ச்சி அப்போதுதான் வெளியே வந்தது. புது பிஸ்டன் போட்டதால்தான் புகை என்று அவன் நினைத்ததில் ஒரு பாதி நிஜம். குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்திருந்தான்.

மருமகள் வந்த பிறகுதான் வீட்டில் சண்டை என்று சொல்கிற வீடுகளுக்கு நான் பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறேன். நாளும் தேதியும் சரியாகத்தான் சொல்வார்கள். அந்தப் பெண் கணக்கு கேட்கிறவள், நேரத்துக்குச் சாப்பாடு கேட்கிறவள், கேட்டதற்குப் பதில் எதிர்பார்க்கிறவள். அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அந்தத் தளர்ச்சிக்கு அவள் வயதைவிட அதிக வயது. ஆனாலும் கழற்றிப் போட வேண்டியது புதிதாக வந்த பாகம்தான் என்று எல்லோரும் சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள். பழையதைக் கழற்றினால் தன் கையும் அதில் பட்டிருக்கும் அல்லவா?

இறக்கத்தில் புகைகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரத்தில் புகைகிற மனிதனை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். கடன், வேலை, பெண் கல்யாணம் என்று காரணமும் தெரிவதால் கொஞ்சம் இரக்கமும் கிடைக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படியில்லை. எவ்வளவு நெருக்கடியிலும் குரல் உயர்த்தாதவர். ஓய்வு பெற்ற பிறகு தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை, பேரனோடு சண்டை, செய்தித்தாள் மடிப்புக் கலைந்திருந்தால் சண்டை. "இனிமே உங்களுக்கு என்ன குறை?" என்று அவர் மனைவி கேட்கும்போதெல்லாம் கோபம் இன்னும் ஏறும். வேலை இருந்தவரை அவர் கவனம் முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும், எப்போதோ கிடைக்காத பதவி உயர்வும் யாரோ சொன்ன ஒரு சொல்லும் உள்ளே இறங்க ஆரம்பித்தன. டாக்டர் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்; அது வேண்டியதுதான். அவர் கோபம் தணிந்தது, பழைய ஷிஃப்ட் ஆள் ஒருவர் வந்து அந்தப் பதவி உயர்வுக் கதையை ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்ட பிறகு. நானும் இப்போது இறக்கத்தில்தான் இருக்கிறேன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கூடுதல் கவனம்.

கொல்லிமலை ஏற்றம் இன்னொரு விதத்திலும் நல்லதாயிற்று. எஞ்சின் வேலை முடிந்ததிலிருந்து இவன் வண்டியை 40க்கு மேல் விட்டதே இல்லை. ரன்னிங் இன் காலத்தில் ஓவராக முறுக்கக் கூடாது, சூடேற்றக் கூடாது என்பது சரிதான். ஆனால் ரிங்கைப் போர் சுவரில் அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. எரிகிற வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுவதுதான் பெரிய விசை. பாரமே கொடுக்காமல் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தால் ரிங்கும் போரும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துவதற்கு முன்பே சுவர் கண்ணாடியாக மினுங்கிவிடும். பிறகு அது பொருந்தவே பொருந்தாது, மறுபடி சுவரைச் சொரசொரப்பாக்கும் ஹோனிங்தான். மூன்றாவது கியரில் கொஞ்சம் இழுக்க விடு, பிறகு மூடு, மறுபடி இழுக்க விடு என்று சொன்னபோது பயந்தான். அண்ணி அவனை வளர்த்த விதம் அப்படி. முதல் வேலை கிடைத்தபோதுகூட மேனேஜரிடம் பேச அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போனான். அந்த வேலையில் அவன் நிலைக்கவில்லை. அடுத்ததில், அண்ணிக்கு உடம்பு முடியாமல் தனியாகப் போன இடத்தில், இன்றுவரை இருக்கிறான்.

ஹெட்டை மட்டும் கழற்றினோம். வால்வைச் சீட்டிலிருந்து சற்றுத் தூக்கி விரலால் அசைத்தால் கைடுக்குள் ஆடியது. அவனே ஆட்டிப் பார்த்தான். ராக்கர் பக்கம் ஆயில் கீழே வடியும் வழியில், யாரோ தாராளமாகப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட் பிய்ந்து கிடந்தது. அதையும் சுரண்டி எடுத்தோம். ஹெட் இல்லாமல் திறந்து நின்ற போரை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோனிங் கோடுகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தெளிவாக இருந்தன. சுத்தமான கை வேலை.

அந்த லேத்துக்காரரிடம்தான் இவன் போய்ச் சத்தம் போட்டு, கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தான். ஹெட்டைச் சூடேற்றி புது கைடு இறக்க, ரீமர் போட, சீட் வெட்ட எங்கே கொடுப்பது என்று கேட்டான். அவரிடமே கொடு என்றேன். போனோம். அவர் ஹெட்டை வாங்கி, வால்வை ஆட்டிப் பார்த்து, "இதை அன்னிக்கே சொன்னேன் தம்பி, நீங்கதான் வேண்டாம்னீங்க" என்றார். அண்ணன் மகன் என்னைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து பழைய பாக்கியை எடுத்து அவர் மேஜையில் வைத்தான்.