சோனகத்தெருவில் இரண்டு மணித்தியாலம்

எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லும் நல்ல வார்த்தை, "தானுண்டு தன்ர வேலையுண்டு எண்டு இருக்கிற பிள்ளை" என்பதுதான். படிப்பும் உத்தியோகமும் அதற்குப் பிறகுதான் வரும். அடுத்தவர் விஷயத்தில் தலைபோடாமல் இருப்பதைப் பெரிய பண்பென்றே நானும் நம்பி வளர்ந்தேன். 1990 ஒக்ரோபர் 30இல் அதன் மறுபக்கத்தைக் கண்ணால் கண்டேன். கண்டது என்னவென்று விளங்க ஜெர்மனிக்கு வரவேண்டியிருந்தது.

அந்த வருடம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்போம். செப்ரெம்பரில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனபின் யாழ்ப்பாண நகரம் முழுக்கப் புலிகளின் கையில் இருந்தது. ஒக்ரோபர் 30 காலை சோனகத்தெருப் பக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்தில் கூடவேண்டும். கூடியவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி சொல்லப்பட்டது.

அப்பாவும் நானும் ஐந்துசந்தியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றோம். என் பள்ளிக்கூடச் சட்டைகளையெல்லாம் தைத்துத் தந்த முஸ்லிம் தையற்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மனைவியும் பிள்ளைகளுமாக ஒரு பையோடு நடந்து வந்தார். அப்பாவைக் கண்டதும் நின்றார்.

"ஐயா, மெசின் உள்ளுக்குத்தான் கிடக்கு. ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

அப்பா தலையாட்டினார். வேறு கதையில்லை. வழியில் புலிகள் மறித்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றைக் கழற்றி வாங்கினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். நூற்றாண்டுகளாக எங்களோடு அதே தமிழைப் பேசி வாழ்ந்த சனம். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "பிள்ளை, இதைப் பற்றி வெளியில ஒண்டும் கதையாதை."

அவருடைய பயம் பொய்யில்லை. முந்திய வருடம்தான் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் கதவைப் பூட்டி விளக்கை நூர்த்தபிறகும் எங்கள் வீட்டில் நானாவின் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பயத்தை மட்டும் காரணம் காட்ட என்னால் முடியாது. பிறகு அந்த வீடுகளின் கதவும் யன்னலும் ஓடும் விலைக்கு வந்தன. வாங்க ஆட்களும் இருந்தார்கள்.

அடுத்த வருடம் நான் ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்தேன். 1992 ஓகஸ்டில் ரொஸ்டொக் நகரில் வியட்நாமியத் தொழிலாளர் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றி நின்ற அயலவர்கள் கைதட்டினார்கள். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்றிரவு நாங்கள் சப்பாத்தோடுதான் படுத்தோம். நவம்பரில் மொல்ன் என்ற ஊரில் துருக்கியக் குடும்பமொன்றின் பாட்டியும் இரண்டு சிறுமிகளும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆகவே ஜெர்மனியர்கள் நல்லவர்கள், நாங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டிசெம்பர் 6ஆம் திகதி மியூனிக்கில் நான்கு லட்சம் பேரளவில் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கி மெழுகுதிரி பிடித்து நின்றார்கள். நாங்கள் இருந்த சிறிய ஜெர்மன் ஊரிலும் சனம் நின்றது. விடுதிக்கு எதிர்வீட்டுக் கிழவி, அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தும் அறியாதவர், குளிரில் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களில் ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது. எங்களுக்கோ நானாவின் பெயர் தெரியும், அவருடைய பிள்ளைகள் எந்த வகுப்பில் படித்தார்கள் என்பதும் தெரியும். அன்றைக்குத்தான், ஐந்துசந்தியை விட்டு வந்தபிறகு முதல் தடவையாக, நான் அழுதேன்.

1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. புலிகள் வெளியேறச் சொன்ன நாளும் ஒக்ரோபர் 30தான். லட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தை நெரிசலோடு கடந்தது. சாவகச்சேரியிலிருந்து அம்மா எழுதிய கடிதத்தில், தாகம், கால்வீக்கம், வழியில் தவறிய பாட்டி என்று எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி இருந்தது: "அந்தச் சனமும் இப்பிடித்தானே பிள்ளை போயிருக்குங்கள்." ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் சொல் அது. தன் கால் நொந்தபிறகுதான் அம்மாவுக்கும் அது வாயில் வந்தது.

இங்கே ஜெர்மனியில் பல நகரங்களில் நடைபாதைக் கற்களுக்கிடையே சிறிய பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. நாசிகள் கொண்டுபோன யூதர்களும் மற்றவர்களும் கடைசியாகத் தாமாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில், பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு. என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து போய் அவற்றைத் துடைத்துவிட்டு வந்தாள். "உங்கட ஊரில இப்பிடி இருக்கா அம்மா?" என்று கேட்டாள். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் 1990 ஒக்ரோபர் 30ஐயும் நினைவுகூருவோம் என்று நான் கேட்டபோது, "இப்ப ஏன் அதைக் கிளறுவான், தங்கச்சி" என்றார் மூத்தவர் ஒருவர். எங்களுக்கு நடந்ததை உலகம் மறக்கக்கூடாதென்று ஒவ்வொரு வருடமும் அதே மேடையில் உருகிப் பேசுகிறவர் அவர். மறதியை ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த மண்டபத்தில் அதை நான் எழுந்து சொல்கிறேன். சிலர் வெளியே போகிறார்கள். சிலர் இருந்து கேட்கிறார்கள்.

நானா புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் இருந்தபடியே காலமானார். மகன் சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு மணித்தியாலத்தில் புறப்பட்ட குடும்பம் காணி உறுதியைக் கையில் எடுக்கவில்லை. அன்று ஒரே வீடாக இருந்தவர்கள் இன்று நாலு குடும்பம்; காணியோ அதே இரண்டு பரப்பு. கச்சேரிக்கு அலைகிறார். எல்லைக்குச் சாட்சி சொல்ல அயலில் பழைய ஆட்கள் வேண்டுமாம். அப்பா இருந்தால் வந்திருப்பாரா தெரியாது. நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.