கோபப்படாத மாப்பிள்ளை

கண்டி மஹய்யாவவில் நீண்ட காலமாக ஆங்கில டியூஷன் எடுத்து வருகிறேன். பழைய ஹாலிவுட் இசை நகைச்சுவைப் படங்களைப் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். அந்தப் படங்களின் பகிடிக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பிள்ளைகளிடம் மறைத்தேன். அதைக் கண்டுபிடித்துக் கேட்ட ஒரு பையனை வகுப்பே சிரிக்க விட்டேன், நானும் சேர்ந்து சிரித்தேன்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் மாநகர சபைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத அவர்களுக்கு இந்தப் படங்கள் உதவின. நடிகர்கள் சொற்களை முழுசாகச் சொல்வார்கள். ஆட்டம் பாட்டம் இருப்பதால் யாரும் தூங்கமாட்டார்கள். 1935இல் வந்த 'டாப் ஹாட்' படத்தில் எட்வர்ட் எவரெட் ஹோர்ட்டன் எஜமான், எரிக் ப்ளோர் வேலைக்காரர். கழுத்துப்பட்டி விஷயத்தில் இருவருக்கும் ஊடல் வந்து பேச்சு நின்றுபோகும். பல வருடம் குடித்தனம் நடத்திய தம்பதியின் ஊடல் அது. அந்தக் காட்சியில் இலக்கணம் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். வேலைக்காரர் தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பன்மையில் பேசுவார்; அதை வைத்துப் பன்மை நடத்தினேன்.

1953இல் வந்த 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் ரிமோட்டை அழுத்தினேன். கப்பலில் ஒலிம்பிக் வீரர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். நடுவில் ஜேன் ரஸ்ஸல் பாடிக்கொண்டு போகிறார். ஒருத்தனும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரவர் உடம்பிலேயே அவரவர் கண். நடனம் அமைத்தவர் ஜாக் கோல். பிள்ளைகள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று அந்தப் பாட்டை ஓட்டிவிட்டேன். கடைசியில் இரட்டைக் கல்யாணம். காமரா மாப்பிள்ளைகளை விட்டுவிட்டு மணமகள்கள் இருவரிடமே நெருங்கிப் போகும். அதைப் பற்றியும் பேசவில்லை. அதே வருடத்து 'கலாமிட்டி ஜேன்' படத்தில் ஆண் உடை போட்ட டோரிஸ் டேயும் இன்னொரு பெண்ணும் ஒரு குடிசையைக் கூட்டித் துடைத்து, சாயம் பூசி, ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். நல்ல தோழிகள் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஏன் அப்படி ஒளித்து எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930இல் எழுதப்பட்டன. 1934 முதல் ஜோசப் பிரீன் அவற்றைக் கறாராக நடைமுறைப்படுத்தினார். ஒருபால் விருப்பத்தைச் சாடையாகக்கூடக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் நேரே சொல்ல முடியாததைப் பகிடியாக்கிக் கொண்டுவந்தார்கள். வீட்டு வேலைக்காரரின் பேச்சில், பெண் வேஷத்தில், ஆடும் கால்களில் அது வந்தது. வீட்டோ ரஸ்ஸோ 1981இல் வெளியிட்ட 'தி செலுலாய்ட் க்ளோசட்' புத்தகம் இதையெல்லாம் படம் படமாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தக் கலைஞர்கள் சிரிப்பைப் பயன்படுத்தியது ஒன்றை உள்ளே கொண்டுவர. அதே சிரிப்பால் ஒரு பையனை என் வகுப்பிலிருந்து வெளியே தள்ளினேன்.

அன்றைக்குப் போட்டது 'சம் லைக் இட் ஹாட்'. 1959இல் பில்லி வைல்டர் எடுத்த படம். கொலைகாரர்களுக்குப் பயந்து இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேஷம் கட்டிப் பெண்கள் இசைக்குழுவில் சேர்ந்து ஓடுகிறார்கள். அதில் ஜாக் லெமன், டாப்னி என்ற பெயரில் இருப்பவர். ஆஸ்குட் என்ற பணக்காரக் கிழவர் அவர்மேல் ஆசைப்படுகிறார். இருவரும் விடியவிடிய டாங்கோ ஆடுகிறார்கள். மறுநாள் காலை லெமன் படுக்கையில் கிடந்தபடி மராக்காஸைக் குலுக்கிக்கொண்டு, தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்கிறார். கொட்டகையில் சிரிப்பு அடங்குவதற்கு இடம் விடவே வைல்டர் அவர் கையில் மராக்காஸைக் கொடுத்தாராம். அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷம் வேஷம் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

படம் முடிந்ததும் அந்தப் பையன் கேட்டான். "சேர், அவரு ஆம்பளைன்னு தெரிஞ்ச பெறகும் அந்தக் கெழவன் சரிங்கிறான் தானே?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அது சும்மா பகிடி தம்பி" என்றேன்.

"பகிடின்னா அவன் ஏன் சேர் கோவப்படல?"

இரண்டாவது தடவை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. நான் பதில் சொல்லாமல் வினாத்தாளைக் கொடுக்கத் தொடங்கினேன். அடுத்த கிழமை அவனுக்கு டாப்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசற்படியில் நின்று கூப்பிடுவார்கள், அவன் கொப்பியில் எழுதி வைப்பார்கள். என் காதுக்கு எட்டும் தூரத்திலேயே அது நடந்தது. ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நின்றிருக்கும். அந்த வகுப்பில் என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நான் அதட்டவில்லை. அவன் வருவதை நிறுத்திவிட்டான். அந்த வருடம் ஏ.எல். எடுத்தவர்களில் ஆங்கிலத்தில் அவனைப்போல் கூர்மையான காது யாருக்கும் இல்லை.

நம் சனங்கள் தாங்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் கட்டுகிறவர் ஓர் ஆண். மன்மதனை எரித்த பிறகு அந்த ரதி புலம்பும்போது, கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நானே சிறு வயதில் அழுதிருக்கிறேன். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காக உருகி அழுவதை விடியும்வரை உட்கார்ந்து பார்த்த சனங்களைத்தான் நான் என் கோழைத்தனத்துக்குச் சாட்டாகக் காட்டினேன்.

சட்டத்தையும் சாட்டாகக் காட்டினேன். 1883இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்குபவை. 1995இல் திருத்தியபோது நீக்காமல், பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2023இல் இவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைத் தேநீர்க் கடையில் பத்திரிகையில் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேலியாகச் சொன்னார். அப்போதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

என் மௌனத்துக்குச் சட்டமும் சனங்களும் காரணமில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஏன் என்று ஊரில் கேட்கிறவர்களுக்குத் தங்கைகளின் சீர், அம்மாவின் வருத்தம் என்று ஒவ்வொரு காலத்துக்கு ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். அந்தப் பையனின் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால், அது எனக்கு எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தேன். அவனுக்கு வைத்த பெயர் என் மேல் விழாமல் இருக்கட்டும் என்று அவன் மேலேயே கிடக்க விட்டேன். என்னைப்போல ஒருவன் அந்த அறையில் இருக்கிறான் என்று அவன் தெரிந்துகொண்டிருந்தால் அதுவே அவனுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாம். ஆனால் அது என் பாரத்தை அவன் கையில் கொடுப்பது போலாகிவிடும். அவன் கேட்டது மன்னிப்பையும் அல்ல. ஒரு பதிலைத்தான் கேட்டான். கண்ணில் பட்டால் படிக்கட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, படத்தின் முடிவில் படகில் போகும்போது, இந்தக் கல்யாணம் நடக்காது என்பதற்கு லெமன் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். என் முடியின் நிறம் பொய், சிகரெட் பிடிப்பேன், பிள்ளை பெற முடியாது என்கிறார். ஆஸ்குட் ஒவ்வொன்றையும் மன்னித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் விக்கைக் கழற்றி, ஆண் என்கிறார். அதையும் ஆஸ்குட் மற்றக் குறைகளோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். அவர் கோபப்படாததற்குக் காரணம், அவர் விரும்பியது எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை. பெண் வேஷம் கலைந்த பிறகும் அதே ஆள்தான் அங்கே இருக்கிறார். வைல்டர் அதற்குமேல் ஒரு வசனமும் வைக்கவில்லை. யாரையும் தண்டிக்காமல் படத்தை அங்கேயே முடித்தார். நீ பார்த்தது அந்தப் படத்தில் இருக்கிறது. வெறும் பகிடி என்று நான் சொன்னது பொய்.