வாசலோடு மீண்டவர்கள்

அயல் வீட்டுப் பெண் வேலிப் பொட்டின் வழியே வந்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு, அரை நிமிடத்தில் போய்விடுகிறாள். அவளுக்கு எமது வீடு பிடிக்கவில்லை என்று எவரேனும் சொல்வார்களா? மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கர் ஒருவர் திண்ணையிலே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். அவருக்கு எம்மீது பேரன்பு என்று எவரேனும் கருதுவார்களா? இவ்வளவு எளிய உண்மையை நாம் மூன்று ஆண்டுகள் மறந்திருந்தோம். மறக்கச் செய்தவை சில எண்கள். கைத்தொலைபேசியும் இணையத்தளமும் குடும்பப் பொருள்களாகிவிட்ட இக்காலத்தில், எமக்கு நேர்ந்ததை எழுதிவைத்தல் வேறு சிலருக்கும் பயன்படக் கூடும்.

எமது அன்னையார் ஒரு கொப்பியிலே சமையற் குறிப்புகளை எழுதி வைத்திருந்தார்கள். விருந்துச் சமையல் அதிலே குறைவு. காய்ச்சற்காரருக்கு என்ன கொடுப்பது, பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாளில் எந்தக் கறி காய்ச்சுவது என்பனவே மிகுதி. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியவற்றை அரைத்துக் காய்ச்சும் சரக்குக் கறிக்கு மாத்திரம் நான்கு பக்கங்கள் உண்டு. அன்னையார் மறைந்த பின்னர், 2018ஆம் ஆண்டிலே, தங்கையின் மகன் அக்கொப்பியை ஓர் இணையத்தளமாக ஆக்கித் தந்தான். வருவோரைக் கணக்கிடுவதற்காக, 2005ஆம் ஆண்டு முதல் கூகிள் நிறுவனம் இலவசமாக வழங்கிவரும் கணிப்புக் கருவியையும் அதனோடு பொருத்தினான்.

தொடக்கத்தில் எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டும் பார்த்து மகிழ்ந்தோம். பின்னர் ஒரு நாள் பெறாமகன் வேறோர் எண்ணைச் சுட்டிக் காட்டினான்.

“பெரியம்மா, நூறு பேர் வந்தால் எண்பது பேருக்கு மேல் வாசலோடே திரும்பிவிடுகிறார்கள். நிற்கும் நேரமும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டதே.”

அந்தச் சொல் எம்மைச் சுட்டது. திரும்பிப் போனவர்கள் எமது எழுத்தை மாத்திரமன்று, அன்னையாரின் கையெழுத்தையே வேண்டாமென்று ஒதுக்கியதாக எமக்குத் தோன்றியது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. இணையத்தளத்தை மூடிவிடலாமா என்றுகூட எண்ணினோம்.

மூடுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒரு தந்திரம் செய்தோம். சரக்குக் கறியின் குறிப்பை நான்காக வெட்டினோம். சரக்குகளின் அளவு ஒரு பக்கத்தில், வறுப்பது இன்னொன்றில், அரைப்பது மற்றொன்றில், காய்ச்சுவது கடைசியில். ‘அடுத்த பக்கம் செல்க’ என்ற ஒரு குறியை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தோம். என்ன வியப்பு! இரண்டு வாரத்திற்குள் வாசலோடு மீள்வோர் தொகை பாதியாகக் குறைந்தது. நிற்கும் நேரம் ஏறியது. வெற்றி கண்டோம் என்று வீட்டிலே பாயசம் காய்ச்சினோம்.

பாயசத்தின் இனிப்பு ஆறுமுன்னர் ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. எழுதியவர் தொலைதேசத்தில் வாழும் ஓர் இளந்தாய். பேறு பார்க்கத் தாயார் அருகில் இல்லை, கணவரே சமைக்கிறார். முன்பெல்லாம் அவர் எமது பக்கத்தைத் திறந்து அடுப்பருகே சாய்த்து வைத்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்துக் கறியைக் காய்ச்சி முடிப்பாராம். “இப்போது மஞ்சள் பூசிய கையோடு ஒவ்வொரு தடவையும் பக்கம் மாற்ற வேண்டியிருக்கிறது, அம்மா. நேற்று மல்லி கருகிவிட்டது. தயவுசெய்து பழையபடி வையுங்கள்” என்று எழுதியிருந்தார்.

நாம் திகைத்துப் போனோம். அந்தக் கணவர் அன்றாடம் எமது பக்கத்தைப் பார்த்துச் சமைத்தவர். அன்னையாரின் குறிப்பை அவரைப் போல் ஊன்றிப் படித்தவர் வேறெவரும் இரார். அப்படியாயின் அவர் முன்னைய கணக்கிலே எந்த இடத்தில் நின்றார்? பெறாமகனை அழைத்துக் கேட்டோம். அவன் சற்று நேரம் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். வாசலோடு மீண்டவர்களுள் அவரும் ஒருவர்!

அதன் பின்னரே, அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை முறையாக அறிய முற்பட்டோம். அக்காலத்துக் கருவி ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். இன்னொரு பக்கத்தைத் திறந்தால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். முதற் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் இடைப்பட்டதே அவர் ‘நின்ற நேரம்’. ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறெதையும் தொடாது போனவருக்கு இரண்டாவது குறிப்பு இல்லை. ஆகவே அவர் நின்ற நேரம் பூச்சியம். இரண்டு விநாடியில் வெறுத்துப் போனவருக்கும் பூச்சியம். இருபது நிமிடம் ஊன்றிப் படித்தவருக்கும் பூச்சியம். அந்தப் பூச்சியங்களையும் சேர்த்தே சராசரி கண்டனர். நாம் பக்கத்தை நான்காக வெட்டியபோது எவரும் அதிக நேரம் படித்துவிடவில்லை. முன்பு எழுதப்படாத நேரம் எழுதப்பட்டது, அவ்வளவே.

ஆட்களின் கணக்கும் அத்தகையதே. கருவி மனிதரைக் காண்பதில்லை. அவர் வைத்திருக்கும் சாதனத்தில் இட்ட அடையாளச் சீட்டையே காண்கிறது. ஒருவரே காலையில் கைத்தொலைபேசியிலும் மாலையில் கணினியிலும் பார்த்தால் பெரும்பாலும் இருவராகிவிடுவார். ஒரே கணினியை மாமியும் மருமகளும் பயன்படுத்தினால் இருவரும் ஒருவராகிவிடுவர். முப்பது நிமிடம் அசைவற்றிருந்தால் ஒரு வருகை முடிந்ததாகக் கொள்வது வழக்கம். ஆகவே சரக்கு அரைத்து முடித்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்தை மீண்டும் திறந்தால் அது இன்னொரு புதிய வருகையாகவே பதியப்படுகிறது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் திகதியுடன் அந்தப் பழைய முறை முடிவுற்று, புதிய முறை அதன் இடத்தைப் பிடித்தது. இதிலே பக்கம் திரையில் முன்னே நிற்கும் நேரம் மாத்திரம் கணக்கிடப்படுகிறது. பத்து விநாடிக்கு மேல் நின்றவர், அல்லது இரண்டு பக்கங்களேனும் பார்த்தவர், அல்லது நாம் முக்கியமென்று குறித்த ஒரு செயலைச் செய்தவர், ‘ஈடுபாடு கொண்டவர்’ எனப்படுவார். எஞ்சியோரே வாசலோடு மீண்டவர்கள். முன்னைய முறையில் இருந்த பெயர்தான், பொருளோ வேறு. இரண்டு முறைகளின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்து வளர்ந்தோம், தேய்ந்தோம் என்பது, முழத்தையும் யாரையும் ஒன்றாக எண்ணித் துணி வாங்குவதற்கு ஒப்பாகும்.

புதிய முறை பழையதிலும் நன்று. எனினும் அதுவும் மனத்தை அளப்பதில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பால் பொங்குகிறதென்று ஓடியவரும் பத்து விநாடியில் ஈடுபாடு கொண்டவராகிவிடுகிறார். பெரிய நிறுவனங்களே இத்தகைய கணக்கிலே தடுமாறியதுண்டு. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தோரை விட்டுவிட்டுக் காணொளிகளின் சராசரி நேரத்தைக் கணக்கிட்டு வந்ததாகவும், அதனால் அந்த நேரம் மிகையாகக் காட்டப்பட்டதாகவும் 2016ஆம் ஆண்டிலே பேஸ்புக் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எமது பூச்சியங்கள் சராசரியைக் கீழே இழுத்தன. அங்கே விடுபட்டோர் அதை மேலே தூக்கினர். யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்று கேளாமல் சராசரியை நம்புதல் தகாது.

அளவுகோலையே இலக்காகக் கொண்டால் அது நல்ல அளவுகோலாக இராது என்று ஒரு கருத்து உண்டு. 1975ஆம் ஆண்டில் பணக் கொள்கை பற்றி எழுதிய சார்ள்ஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. அவருக்குச் சரக்குக் கறியைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது. ஆயினும் கருகிய அந்த மல்லிக்கு அவருடைய விதியே காரணம் சொல்கிறது.

இதனால் எண்களை நாம் துறந்துவிட்டோம் என்று நேயர்கள் நினைத்தல் வேண்டா. இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, ‘நீ எதற்காக இருக்கிறாய்?’ என்று முதலிற் கேட்கிறோம். அதன் பின்னரே எண்ணைப் பார்க்கிறோம். சமையற் குறிப்பிலே, பக்கத்தின் பத்தில் ஒன்பது பங்கு வரை எத்தனை பேர் இறங்கினர் என்று கருவி சொல்கிறது. அதையும், மீண்டும் வருவோர் தொகையையும் கவனிக்கிறோம். முகவுரைப் பக்கத்தின் தொழிலோ வந்தவரை உள்ளே அழைத்துச் செல்வது. அங்கே வாசலோடு மீள்வோர் மிகுந்திருந்தால் அது மெய்யாகவே குறை. சென்ற ஆண்டு அப்படி மிகுந்திருந்தது. ஆராய்ந்தபோது, கைத்தொலைபேசியிலே குறிப்புகளின் அட்டவணை கண்ணுக்கு எட்டாத அடியிலே கிடந்தது. மேலே ஏற்றி வைத்தோம். வந்தவர்கள் உள்ளே செல்லத் தொடங்கினர். அந்த எண் சொல்லியிராவிடின் அக்குறை எமக்குத் தெரிந்தே இராது.

சரக்குக் கறியின் நான்கு துண்டுகளையும் கடிதம் வந்த அன்றே ஒன்றாக ஒட்டிவிட்டோம். நல்ல எண்கள் உடனே சரிந்தன. அந்த இளந்தாய்க்குப் பதில் எழுதியபோது, இப்பொழுது சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தோம். விடையொன்றும் வரவில்லை. கைக்குழந்தையோடு இருப்பவருக்குக் கடிதம் எழுத நேரமேது?

எமது அன்னையார் வீட்டுக்கு யார் வந்தாலும், “என்ன வேணும், பிள்ளை?” என்றுதான் முதலிற் கேட்பார்கள். எவ்வளவு நேரம் இருப்பாய் என்று அவர்கள் எவரையும் கேட்டதாக எமக்கு நினைவில்லை.