டார்ட்ஃபோர்டு பெட்டிக்கு மாற்று ஸ்பீக்கர்!

இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1961-ல் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் இங்கே சந்தித்துப் பேசியதில்தான் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவுக்கு விதை விழுந்தது. கிட்டார் பிரியர்களுக்கு இந்த ஊர் இன்னொரு வகையிலும் முக்கியம். பீட்டில்ஸ் மேடைகளில் முழங்கிய வாக்ஸ் ஏசி30 வால்வு ஆம்ப்ளிஃபயர் பிறந்ததும் இங்கேதான்.

அறுபது வயதைத் தொட்ட அந்தப் பெட்டிகளில் ஸ்பீக்கர் பழுதானால் என்ன செய்வது?

முதலில், மின்தடையைக் குறிக்கும் ஓம் கணக்கு. ஆம்ப்ளிஃபயர் கேட்கும் அளவும் ஸ்பீக்கர்களின் மொத்த அளவும் பொருந்தாவிட்டால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடலாம்.

அடுத்தது வாட். இந்தப் பெட்டிக்குப் புகழ் சேர்த்த செலஷன் நிறுவனத்தின் நீல ஸ்பீக்கர் ஒன்று 15 வாட்தான் தாங்கும். இரண்டு சேர்ந்தாலும் 30தான். முழுச் சத்தத்தில் வைத்தால் திணறும். அதே நிறுவனத்தின் கிரீன்பேக் 25 வாட் தாங்கும். ஆனால், மணியோசை போன்ற அந்தத் துல்லியம் குறைந்து குரல் சற்றுத் தடித்துவிடும்.

பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். காந்தமும் சட்டமும் நன்றாக இருந்தால், கிழிந்த காகிதக் கூம்பையும் காயிலையும் மட்டும் மாற்றலாம். புதியதைப் பொருத்தினாலும் பழையதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பெட்டியின் பாதிக் குரல் அதில்தான் இருக்கிறது!