வலையும் தூண்டிலும்

நம் இராமநாதபுரக் கடற்கரையில் மீன்பிடிக்கும் முறைகள் பல உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம். ஒன்று கரைவலை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்போரிடம் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் வளைந்து சென்று வலையை இறக்கி, மறு தலைப்போடு கரை சேரும். பின்னர்ப் பலர் இரு அணிகளாய் நின்று, பாட்டின் தாளத்திற்கேற்ப இழுப்பர். மடி கரையேறும்போது சாளையும் காரலும் நண்டும் பாசியும் ஒன்றாய் வந்து சேரும். மற்றொன்று தூண்டில். அதற்குப் பாட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர் தனியே அமர்ந்திருப்பார். நீருக்கடியில் நிகழும் சிறு அசைவையும் அவருடைய விரல் அறியும். நெடுநேரம் காத்திருந்தபின் கிடைப்பது ஒரு மீன்.

நற்செய்தி ஏடுகளில் வலையைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருகிறது. தூண்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கோயில் வரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, கடலில் தூண்டில் போடும்படி இராயப்பரை ஆண்டவர் அனுப்புகிறார். முதலில் அகப்படும் ஒரு மீனின் வாயில் காசு இருக்கிறது. வலையைப் போலத் தூண்டிலும் ஆண்டவரின் பணிக்கு உதவியது என்பதை மத்தேயு நமக்காகக் குறித்து வைத்திருக்கிறார். இன்னும் சொல்லப்போனால், ஆண்டவர் தம் வாழ்வில் கையாண்ட முறைகளுள் தூண்டிலின் முறைக்குச் சிறப்பிடம் உண்டு. இரவில் வந்த நிக்கொதேமு, நண்பகலில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண், மரத்தின்மேல் ஏறியிருந்த சகேயு ஆகியோர் ஒவ்வொருவராகவே அவரைச் சந்தித்தனர்.

நம் கடற்கரையில் விசுவாசம் வேரூன்றிய வரலாற்றை எண்ணும்போது, இவ்விரு முறைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. முதலில் விரிக்கப்பட்டது வலைதான். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களின் நடுப்பகுதியில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய தேவையும் அதற்குப் பின்னணியாய் இருந்தது. ஆனால் திருமுழுக்கு அளித்தவர்கள் அங்கே தங்கிக் கற்பிக்கவில்லை. 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாத மக்களையே கண்டார். வலை நிறைந்திருந்தது, ஆயினும் கரையில் ஆளில்லை.

சவேரியார் மணியடித்துத் தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டியதை நாம் அறிவோம். அவர் செய்த மற்றொரு செயலை நாம் அத்துணை நினைப்பதில்லை. நோயாளிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அவரால் செல்ல முடியவில்லை. ஆகவே செபங்களைக் கற்றுக்கொண்ட சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் படுக்கையருகே வீட்டாரையும் அண்டையயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுத்துச் செபித்தார்கள். தமிழ் மொழியில் தடுமாறிய ஒரு பெருந்துறவி, தம்மால் நுழைய இயலாத வீட்டுத் திண்ணைகளுக்கு ஊர்ப்பிள்ளைகளை அனுப்பினார் என்பது நாம் நின்று எண்ண வேண்டிய செய்தியாகும். இக்கரையின் முதல் உபதேசியார்களுள் சிறுவர்களும் இருந்தனர்.

அவருக்குப்பின் வந்த அண்டிரிக்கு அடிகளார், மொழிபெயர்ப்பாளர் துணையின்றி மக்களிடம் பேச வேண்டும் என்பதற்காகவே தமிழை முயன்று கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் அவருடைய உழைப்பின் கனி என்பதைப் பலரும் அறிவர். அடுத்து 1580-இல் ஒப்புரவு அருட்சாதனத்திற்கெனவே அவர் ஒரு நூலை அச்சிட்டார். ஒருவர் வாய் திறந்து சொல்ல, ஒருவர் செவிசாய்த்துக் கேட்கும் அருட்சாதனம் அது. இந்திய மண்ணில் அச்சேறிய தொடக்ககாலத் தமிழ் நூல்களுள் ஒன்று, இருவர் மட்டும் அமர்ந்து பேசும் அந்நேரத்துக்காக எழுதப்பட்டது.

மண்டபத்தை அடுத்துள்ள வேதாளைக்குச் சென்றால் அந்தோனி கிரிமினாலி அடிகளை நினையாதிருக்க முடியாது. இத்தாலியில் பிறந்த அவர் தமிழைக் கற்று இம்மக்களோடு வாழ்ந்தவர். 1549-இல் வடுகர் படை திரண்டு வந்தபோது, மக்கள் படகேறித் தப்பினர். அவரும் ஏறியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றுவதற்காக அவர் கரையிலேயே நின்றார், அங்கேயே கொல்லப்பட்டார். இயேசு சபையில் குருதி சிந்தி உயிர்நீத்தவர்களுள் அவரே முதல்வர். அவர் அந்நாளில் மறையுரை எதுவும் ஆற்றவில்லை. கடைசி ஆள் படகேறும்வரை நின்றார், அவ்வளவே. ஆயினும் படகிலிருந்து திரும்பிப் பார்த்த ஒரு தாய்க்கு அதைவிடத் தெளிவான மறையுரை வேறு எது கிடைத்திருக்கும்?

இவ்வரிசையில் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது ஓரியூர். நாம் அங்கே செல்லும்போதெல்லாம் அந்தச் செம்மண்ணை ஒரு பிடி எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வோரைக் காண்கிறோம். பல சமயத்தவரும் அங்கே வருகின்றனர். அம்மண்ணின் கதை, ஒரு தனிமனிதரின் நோய்ப்படுக்கையில் தொடங்கியது.

1647-இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராய் வளர்ந்த ஜான் தே பிரிட்டோ, நம் நாட்டில் காவி உடுத்து, புலால் நீத்து, அருளானந்தர் எனப் பெயர்பூண்டு வாழ்ந்தார். 1686-இல் மறவர் நாட்டில் கைதாகிக் கடும் வதைகளுக்கு உட்பட்டார். இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்ற ஆணையோடு சேதுபதி அவரை விடுவித்தார். ஐரோப்பா சென்றவரை, மன்னராகிவிட்ட பழைய தோழர் அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690-இல் திரும்பி வந்தார்.

அக்காலத்தில் சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் என்னும் தலைவர், மருந்துக்குக் கட்டுப்படாத நோயில் விழுந்து, அருளானந்தரை அழைத்துவர ஆளனுப்பினார். அருளானந்தர் உடனே செல்லவில்லை. தமக்கு முன்னே ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகில் அமர்ந்து, விசுவாசத்தின் அடிப்படைகளை எடுத்துரைத்து, நற்செய்தியை வாசித்துச் செபித்தார். தடியத்தேவர் எழுந்தார். ஓரியூர் வரலாறு முழுவதும் அந்த ஒரு சந்திப்பிலிருந்தே கிளைக்கிறது. புனிதருக்குக் கொடி ஏற்றுகிறோம், தேர் இழுக்கிறோம். அந்த உபதேசியாரின் பெயரைச் சொல்லி நாம் கொடி ஏற்றுவதில்லை. ஆயினும், அரச மரபினர் ஒருவரின் வீட்டுக்குள் தனியே நுழைந்து, சாகக்கிடந்தவரின் கையைப் பற்றியிருந்தவர் அவர்தாம்.

நலமடைந்த தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டார். இங்கே நாம் அருளானந்தரைக் கூர்ந்து நோக்க வேண்டும். செல்வாக்கு மிக்க ஒருவர் தாமே தேடிவரும்போது, ஆள் சேர்க்க நினைப்பவர் கதவை அகலத் திறப்பார். அருளானந்தரோ நிபந்தனையை முதலிலேயே சொன்னார். பல மனைவியரோடு வாழ்பவர் ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார். தடியத்தேவர் அதற்கு இசைந்தார். மற்ற மனைவியருக்கு வாழ்வாதாரம் அளிப்பதாக உறுதி கூறினார். 1693 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, வேறு பலரோடு அவரும் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களுள் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள். அரியணைக்கு உரிமை கோரத்தக்கவரான தடியத்தேவர் வலுப்பெறுவதைக் கிழவன் சேதுபதி ஏற்கெனவே விரும்பவில்லை. குடும்பக் குறையும் அரசியல் அச்சமும் ஒன்றுகூடின. தடியத்தேவரைத் தொட இயலாத அரசு, அருளானந்தரைப் பிடித்தது. அவர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பெப்ருவரி 4-ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் தலை வெட்டுண்டு இறந்தார். 1947 சூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

நம் மறையுரைகளில் கடலாயி பெரும்பாலும் கோபக்காரியாகவே வந்து போகிறாள். யூதாசுக்கு அடுத்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அவளுடைய திண்ணையில் சற்று அமர்ந்து பார்ப்போம். நேற்றுவரை ஒரு வீட்டின் இளைய மனைவி. இன்று, சோறும் துணியும் வரும், கணவன் வரமாட்டான் என்று கேட்டவள். அவளுக்கு அது நற்செய்தியாக ஒலித்திருக்குமா? தடியத்தேவரின் படுக்கையருகே ஓர் உபதேசியார் அமர்ந்ததுபோல், அவளருகேயும் ஒருவர் அமர வேண்டியிருந்தது. அருளானந்தரின் தியாகத்தை இது சிறிதும் குறைக்காது. ஒருவரிடம் விசுவாசத்தைக் கொண்டு செல்கிறவர், அவரை மட்டும் சந்திப்பதில்லை. அவருடைய மனைவியை, தாயை, பங்காளியை, அவர் பட்ட கடனை, அவர்மேல் உள்ள பகையை எல்லாம் சந்திக்கிறார். அந்த விலையை அருளானந்தர் அறிந்தே தம் உயிரால் கொடுத்தார். நம்மிடம் உயிர் கேட்கப்படுவதில்லை. நேரம் கேட்கப்படுகிறது, காதும் பொறுமையும் கேட்கப்படுகின்றன.

இவ்விடத்தில் தூண்டில் உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தூண்டிலில் இரை உண்டு. இரைக்குள் முள் உண்டு. மனிதரிடையே இரை வைப்பது பாவம். அரிசி, வேலை, பணம், அச்சம் இவற்றைக் காட்டி ஒருவரை அழைப்பது கிறிஸ்துவின் சீடத்துவம் அன்று. நிபந்தனையை மறைக்காமல் முன்வைத்த அருளானந்தரின் முறை இதற்கு நேர்மாறானது. தூண்டிலிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டே: ஒருவருக்காகக் காத்திருத்தல், சிறு அசைவையும் விரலில் உணர்தல்.

நம் கரை பல சமயத்தார் சேர்ந்து வாழும் கரை. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இந்துக்களும் இசுலாமியரும் நம்மோடு வந்து நிற்கின்றனர். அந்த உறவை ஆள்பிடிக்கும் கருவியாக்கினால், நாம் நற்செய்தியையும் இழப்போம், அயலாரையும் இழப்போம். ஆனால் அயலார் ஒருவர் தாமாகவே நம்மை நோக்கி, இந்தத் துன்பத்தில் நீங்கள் எப்படி அமைதியாக இருக்கிறீர்கள் என்று கேட்கும்போது, வாய் மூடியிருப்பதும் நேர்மையன்று. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நற்செய்தி அறிவித்தல் பற்றி 1975-இல் வழங்கிய ஊக்கவுரையில், கூட்டங்களுக்கு அறிவிப்பதோடு ஒருவர் மற்றொருவருக்குத் தனியே அறிவிப்பதும் இன்றியமையாதது என்று வலியுறுத்துகிறார். ஒருவர் தம் உள்ளத்தில் பெற்ற அனுபவத்தை மற்றவரோடு பகிர்வதற்கு ஈடான வழி வேறில்லை என்பதே அவர் கருத்து.

நமக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தந்தவர் நம் தெருவில் கருவாடு விற்ற ஒரு மூதாட்டி. எழுத்தறியாதவர். மாலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, கையில் உப்பு நாற்றத்தோடே நம் விரல்களைப் பிடித்து நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் வைப்பார். மறைக்கல்வி வகுப்புகளில் பின்னர் எவ்வளவோ கற்றோம். ஆயினும் சிலுவை வரையும்போது நம் கையை நகர்த்துவது இன்றும் அக்கைதான். இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இத்தகைய ஒருவர் இருந்திருப்பார். பாட்டியோ, உபதேசியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ. கூட்டத்தில் ஒருவராய் அன்றி, பெயர் சொல்லி நம்மை அழைத்தவர் அவர்.

அந்தக் கடனை நாம் யாருக்குத் திருப்பித் தரப்போகிறோம் என்பதே கேள்வி. தொலைவில் தேட வேண்டியதில்லை. கடலுக்குப் போன கணவன் திரும்பாத வீடு நம் தெருவில் இருக்கிறது. திருமணத்தில் ஏதோ சிக்கல் என்பதால் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒருவர் நம் அன்பியத்தில் இருக்கிறார். வெளியூரில் படித்துவிட்டு வந்து, செபநேரத்தில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும் மகன் நம் வீட்டிலேயே இருக்கிறான். இவர்களுக்காக ஒரு கூட்டம் கூட்ட முடியாது, கூட்டினாலும் வரமாட்டார்கள். யாராவது ஒருவர் போக வேண்டும். போய், பேசுவதற்கு முன் கேட்க வேண்டும். ஒருநாள் போய்விட்டு ஏட்டில் குறித்து முடிக்காமல், மறுபடியும் போக வேண்டும்.

இந்த மாதம் ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொள்வோம். அப்பெயரை நாள்தோறும் செபத்தில் சொல்வோம். பிறகு ஒரு மாலைப்பொழுதில் அவ்வீட்டுப் படியேறுவோம். தடியத்தேவரின் வீடாகவும் அது இருக்கலாம், கடலாயியின் வீடாகவும் இருக்கலாம். உபதேசியாருக்கு இரண்டு வீடும் ஒன்றுதான்.