கப்பலுக்குப் போகும் வழி

பெக்கான் நானாஸ் என்னும் பெயரைத் தமிழாக்கினால் அன்னாசிப் பட்டணம் என்று வரும். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் கெச்சில் நோக்கிச் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையின்மீது அமைந்த ஊர் இது. இலைதழைகள் மக்கிக் கருத்த புளிப்பு மண் இப்பகுதி மண். பிற பயிர்கள் முகஞ்சுளிக்கும் அம்மண்ணில் அன்னாசி மட்டும் மகிழ்ந்து வளர்கிறது. அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே இங்குண்டு. இவ்வூரைக் கடற்கரை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் மூன்று துறைகள் இதனைச் சூழ்ந்திருக்கின்றன. தென்மேற்கே குக்குப்பிலிருந்து இந்தோனேசியாவின் காரிமுன் தீவுக்குப் படகு போகிறது. தெற்கே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அதற்கும் அப்பால், நீரிணையைக் கடந்தால், சிங்கப்பூர்.

எங்கள் ஊர் அன்னாசிக்குத் துறைமுகம் சேரும் கவலை என்றும் இருந்ததில்லை. தகரத்தில் அடைபட்டு, பாரவண்டியேறி, உலகெங்கும் போய்விடும். ஊரில் வாழும் மனிதனுக்குத்தான் கப்பலடிக்குப் போய்ச் சேர்வது பெரும்பாடு. இதை நான் உணர்ந்தது என் அக்காள் மகனால்.

அவன் கோலாலம்பூரில் வேலை பார்ப்பவன். பள்ளி விடுமுறையில் தன் பிள்ளைகள் இருவரையும் லெகோலாந்துக்கு அழைத்துவந்தான். அன்று நூசாஜெயா என்றும் இன்று இஸ்கந்தர் புத்திரி என்றும் வழங்கும் இடத்தில் 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அதனை ஒட்டிய தங்கும் விடுதி மறு ஆண்டில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேர ஓட்டம். அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பலேறி மூன்று இரவுகள் கடலில் கழிப்பது அவன் திட்டம். "அம்மாயியையும் மாமாவையும் சேர்த்தே பதிந்துவிட்டேன்" என்றான். அம்மாயி என்பது என் தாயார்.

என் தாயார் கடைசியாகக் கப்பலில் கால் வைத்தது 1952-இல், எட்டு வயதுச் சிறுமியாக. ரஜூலா என்ற பெயரைக் கேட்டாலே மூத்த தலைமுறைக்கு உப்புக்காற்றின் மணம் வரும். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம்மவரைக் கொண்டுவந்து சேர்த்தது. பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாய் விரித்த இடமே அவர்களுக்கு அறை. என் தாயாரும் அவ்வாறே வந்தார். மறுபடி ஒருமுறை கப்பலேற வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் பேரன் சொன்ன அன்றிரவே இரும்புப் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து மடித்து வைத்தார்.

கப்பல் கட்டணத்தைப் பேரன் கட்டிவிட்டான். விடுதிக்கும் கட்டிவிட்டான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலவழியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். அவ்வளவுதானே என்று தோன்றும். விசாரித்தபோது ஒரு வேன்காரர், ஆறு பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து, போவதற்கு மட்டும் 600 வெள்ளி கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இரு நாட்டுச் சுங்கக் கட்டணம், எல்லையில் காத்துக் கிடக்கும் மணிகள், வெறுவண்டியாகத் திரும்பும் செலவு எல்லாம் அதில் அடக்கம். குறைந்த விலைக்கு உரிமமின்றி ஆளேற்றும் வண்டிகளும் உண்டு. அவற்றைச் சிங்கப்பூர் அதிகாரிகள் பிடித்துப் பறிமுதல் செய்கிறார்கள். கப்பல் புறப்படும் நாளில் எண்பது வயதைத் தாண்டிய கிழவியையும் குழந்தைகளையும் அத்தகைய வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

600 வெள்ளி என்றதும் என் தாயார் மடித்த சேலைகளை மீண்டும் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். "எனக்காக இவ்வளவு எதற்கப்பா? நீங்கள் போய்வாருங்கள்" என்றார். மகனுக்கும் பேரனுக்கும் செலவு வைக்கக் கூடாதென்று தம் ஆசையை மறைத்துக்கொள்ளும் தாய்மாரை வாசகர்கள் அறிவார்கள். அன்றிரவு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

போக்குவரத்துக் கட்டணத்தில் இரண்டு சாதி உண்டு. வண்டிக்கு இவ்வளவு என்பது ஒன்று. தலைக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. வண்டிக் கணக்கில் போகும் வழியில், நான்கு பேர் கொண்ட வசதியுள்ள குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போய்விடும். தனியொருவரும் சிறு வருவாய்க்காரரும் அங்கே நின்றுவிடுவார்கள். தலைக் கணக்கு இருக்கும் வழியில்தான் எல்லோரும் போக முடியும். ரஜூலாவின் காலத்தில் நம்மவர் கடல் கடந்தது தலைக் கணக்கில்தான். கரையிறங்கியபின்னும் அக்கணக்கு அறுபடவில்லை. 1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் இரயில் நிலையம் துறைமுகத்துக்கு அருகிலேயே கட்டப்பட்டது. கப்பலிலிருந்து இறங்குவோரும் சரக்கும் நேரே இரயிலேற வேண்டும் என்பதே அந்த இடத்தைத் தேர்ந்ததன் நோக்கம். அந்நிலையத்தின் முகப்பில் உழவு, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் பளிங்குச் சிலைகள் நின்றன, இன்றும் நிற்கின்றன. என் தாயார் தம் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு அச்சிலைகளின் கீழ் நடந்து போயிருக்கிறார். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜொகூர் பாரு, அங்கிருந்து பேருந்து, பிறகு தோட்டத்துப் பாரவண்டியின் முதுகில் லயம்வரை. அவசரகாலம் ஆகையால் இருட்டுவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்ற பதற்றம் ஒன்றே அவருக்கு நினைவிருக்கிறது. செலவு பற்றிய பேச்சு நினைவில் இல்லை.

அந்த வழி துண்டு துண்டாக மறைந்தது. ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை ஏற்ற எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிக்கொள்ள, உயிர்கள் பல மாண்டன. தமிழகத்துக்கும் மலாயாக் கரைக்கும் இடையிலான பயணிகள் கப்பலும் அத்தோடு நின்றது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-இல் கடைசி இரயில் புறப்பட்டது. கப்பலும் கரைவழியும் மீண்டும் பெருகியிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் புதிய கப்பல் ஊர் சேர்க்கும் கப்பலன்று. உலாவிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் கப்பல். அதற்குப் போவோர் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவார்கள் என்று, திட்டமிடுவோர் எண்ணிவிடுகிறார்கள் போலும்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காவிலிருந்து கனாவெரல் துறைமுகம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். உலகிலேயே மிகுந்த உல்லாசக் கப்பல் பயணிகளைக் காணும் துறைமுகங்களுள் ஒன்று அது. இடையில் எல்லையுமில்லை, கடப்பிதழ்ச் சோதனையுமில்லை. ஆயினும் இரண்டையும் நேராக இணைக்கும் பொதுப் பேருந்தோ இரயிலோ கிடையாது. கப்பல் நிறுவனத்தின் பேருந்து, பகிர்வு வேன், வாடகைக் கார் ஆகியவற்றுள் எது மலிவு என்று அங்குள்ளோரும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் கணக்குக்கு வருகிறேன். 1998-இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியே, புக்கிட் இண்டாவிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்குத் தலைக் கணக்கில் பேருந்து ஓடுகிறது. ஜூரோங் ஈஸ்ட்டில் தொடங்கும் வடக்கு-தெற்கு இரயில் தடம், 2014-இல் திறந்த மரீனா சவுத் பியர் நிலையத்தில் முடிகிறது. அந்நிலையத்துக்கு அருகில்தான் உல்லாசக் கப்பல் முனையம். ஆக, விடுதியிலிருந்து புக்கிட் இண்டாவரை உள்ளூர் வாடகை வண்டி இரண்டு, பிறகு ஒரு பேருந்து, ஓர் இரயில், கடைசியில் கொஞ்சம் நடை. வேன்காரர் கேட்டதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆறு பேருக்கும் முடிந்தது. என் தாயாரிடம் அந்தத் தொகையை எழுதியே காட்டினேன். சேலைகள் மறுபடி வெளியே வந்தன.

மலிவு என்பதற்காக எளிது என்று சொல்லிவிட முடியாது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளிலும் பெட்டி படுக்கையோடு இறங்கி ஏற வேண்டும். நாம் வந்த பேருந்து நமக்காகக் காத்திராது; அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் சீட்டைக் காட்டி ஏறிக்கொள்ள வேண்டும். ஆகவே ஆளுக்கொரு பெட்டி, அதுவும் தாமே தூக்கக் கூடிய பெட்டி, என்று கட்டளையிட்டேன். சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டவர், வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு என்பதால் பேரனே உட்கார்ந்து நிரப்பினான். இரயிலில் வங்கி அட்டையைத் தொட்டே நுழையலாம். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையால் குடும்பத்தையே உள்ளே அனுப்ப முயன்றால் கதவு திறவாது. கப்பல் புறப்படுவதோ மாலையில். நாங்கள் விடுதியை விட்டது காலை 6 மணிக்கு. விடுமுறைக் காலத்தில் பாலத்தின் நெரிசலை நம்பி எவரும் கப்பலுக்கு நேரம் குறிக்கலாகாது. பேருந்து தாமதித்தால் அடுத்த பேருந்து உண்டு. கப்பலுக்கு அடுத்தது இல்லை.

துவாஸ் சாவடியில் என் தாயாரின் முழங்கால் சற்றுத் தகராறு செய்தது. பின்னால் நின்ற தொழிலாளர் ஒருவர், நாள்தோறும் அவ்வழி போகிறவர்போலும், ஒரு சொல்லும் பேசாமல் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முடிவுவரை வந்தார். வேனில் போயிருந்தால் இம்மனிதரைக் கண்டிருக்க மாட்டோம். அதற்காக முழங்கால் வலியை நியாயப்படுத்த நான் முனையவில்லை.

ஜூரோங் ஈஸ்ட்டில் நின்ற இரயில், தெற்கே போகவேண்டியது, வடக்கே திரும்பிப் பெரிய வளைவொன்று போட்டுக்கொண்டு கிளம்பியது. மொத்தம் 27 நிலையங்கள். வழியில் தடம் மாறினால் சீக்கிரம் போகலாம். ஆனால் கிழவியும் குழந்தைகளும் பெட்டிகளும் கொண்ட கூட்டத்துக்கு, ஏறிய இடத்தில் அமர்ந்து இறங்குமிடத்தில் இறங்குவதே மேல் என்று முடிவு செய்திருந்தேன். அறிவிப்பில் உட்லண்ட்ஸ் என்ற பெயர் ஒலித்ததும் என் தாயார் திடுக்கிட்டு, "ஏனப்பா, மறுபடி ஜொகூருக்கே கொண்டுவந்துவிட்டானா?" என்று கேட்டார். எதிரில் இருந்த தமிழ்ப் பெண்மணி சிரித்துவிட்டார். பாட்டியின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஜொகூர் பாலத்தின் மறுகரைதான் உட்லண்ட்ஸ்.

நண்பகல் தாண்டிச் சற்று நேரத்தில் முனையத்தில் இருந்தோம். வழியெங்கும் மின்தூக்கிகள் இருந்தமையால் அவர் ஒரு படியும் ஏறவில்லை. முனையத்துக் கண்ணாடிச் சுவரின் வழியே கப்பலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதில் பாய் விரிக்க விடுவார்களா?" என்று மட்டும் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அக்கேள்வி விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல மூன்று இரவுகள் இருந்தன.

திரும்பும்போது வேறு வழி பார்த்தோம். உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 2015 முதல் ஓடும் சிற்றிரயிலில் ஐந்தே நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடலாம். வேடிக்கை என்னவெனில், ஜொகூரிலிருந்து போகக் கட்டணம் 5 ரிங்கிட். உட்லண்ட்ஸிலிருந்து வரக் கட்டணம் 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றே, விலை மூன்று மடங்கு. தோட்டத்தில் சம்பளச் சீட்டைத் தாமே கணக்குப் பார்த்துப் பழகிய என் தாயாருக்கு இந்த வித்தை பிடிக்கவேயில்லை.

இப்போது புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு இரயில் தடம் அமைகிறது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றும் ஆற்றல் கொண்டதாக அது திட்டமிடப்பட்டது. இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதால் பெட்டியோடு இருமுறை இறங்கி ஏறும் துன்பம் அதில் இல்லை. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து மரீனா பே நிலையம்வரை இரயில் உண்டு. அங்கே மாறினால் அடுத்த நிலையமே மரீனா சவுத் பியர். கடலுக்கு அப்பாலுள்ள வழி இவ்வாறு செம்மையாகிறது. எஞ்சியிருப்பது இப்பாலுள்ள வழி. லெகோலாந்திலிருந்தும், அதற்கும் மேற்கே உள்ள எங்கள் அன்னாசிப் பட்டணத்திலிருந்தும், விடியற்காலையில் தலைக் கணக்கில் புக்கிட் சாகாருக்கு நேரே போய்ச்சேரும் ஒரு பேருந்து வேண்டும். பெட்டி வைக்க இடமும், கிழவர்கள் ஏறத் தாழ்ந்த படியும் அதில் இருக்க வேண்டும். கப்பல் புறப்படும் நாட்களில் மட்டும் ஓடினாலும் போதும். என் தாயார் சேலைகளை இன்னும் இரும்புப் பெட்டிக்குள் வைக்கவில்லை.